கலிஃபோர்னியாவில் வீடு விற்கிறீர்களா? எஸ்க்ரோவை யாரிடம் கொடுப்பது

வீடு விற்க ஏஜெண்ட் தேடும்போது தெரிந்தவர்கள் எல்லோரையும் விசாரிக்கிறோம், கமிஷனில் அரை சதவீதம் குறைக்கச் சொல்லி நாள் கணக்கில் பேசுகிறோம். ஆனால் விற்ற பணம் மொத்தமும் நம் கைக்கு வருவதற்கு முன் யார் கணக்கில் இருக்கப் போகிறது என்று வரும்போது, ஏஜெண்ட் ஒரு பெயரைச் சொல்வார், நாமும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம். விற்பனை முடியும்வரை இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்று பணத்தை வைத்திருக்கிற இந்த ஏற்பாடுதான் எஸ்க்ரோ, 15 லட்சம் டாலர் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. கலிஃபோர்னியாவில் எஸ்க்ரோ நடத்துகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை, மூன்றையும் கண்காணிப்பது வேறு வேறு அரசுத் துறைகள், உள்ளே இருப்பவரே பணத்தில் கை வைத்தால் நமக்கு இருக்கிற பாதுகாப்பும் வேறு வேறு. யாரிடம் கொடுப்பது என்பதை விற்பவரும் வாங்குபவரும் ஒப்பந்தத்தில் பேசி முடிவு செய்யலாம். ஏஜெண்ட் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான்.

எஸ்க்ரோ செய்கிற வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாங்குபவரின் முன்பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் (இங்கே வழக்கமாகப் பயன்படும் ஒப்பந்தப் படிவத்தில் இதற்கு 3 வேலை நாள்). உங்கள் வீட்டுக் கடனில் பாக்கி எவ்வளவு என்று பேங்கிடம் எழுதி வாங்கும். டைட்டில் ரிப்போர்ட்டில், அதாவது நம் ஊர் வில்லங்கச் சான்றிதழ் மாதிரியான ஒன்றில், இருக்கிற பாக்கிகளை அடைக்கும். சொத்து வரியை இரண்டு பேருக்கும் நாள் கணக்கில் பிரிக்கும். கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பதிவு அலுவலகமான ரெக்கார்டரிடம் பத்திரம் பதிவானதும் மிச்சப் பணத்தை உங்களுக்கு அனுப்பும். இதையெல்லாம் இரண்டு தரப்பும் எழுத்தில் கொடுத்தபடி மட்டும்தான் செய்யும். உங்களுக்குச் சாதகமாக யோசனை சொல்லாது, சண்டை வந்தால் தீர்ப்பும் சொல்லாது. இது பலருக்குக் கடைசி நேரத்தில்தான் புரிகிறது.

முதல் வகை, டைட்டில் கம்பெனி. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியா உட்பட வட கலிஃபோர்னியாவில் கிட்டத்தட்ட எல்லா விற்பனையும் இவர்கள் வழியாகத்தான் போகிறது. டைட்டில் காப்பீடும் (வீட்டின் உரிமையில் பின்னால் சிக்கல் வந்தால் ஈடு செய்கிற காப்பீடு) எஸ்க்ரோவும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், பழைய கடன் ஒன்று ரிப்போர்ட்டில் தலைகாட்டினால் அதைக் கண்டுபிடித்தவரும் தீர்த்து வைக்க வேண்டியவரும் ஒரே அலுவலகத்தில் இருப்பார்கள். எனக்கு இதுதான் இந்த வகையின் பெரிய பலமாகத் தெரிகிறது. மாநிலக் காப்பீட்டுத் துறை இவர்களைக் கண்காணிக்கிறது, எஸ்க்ரோ கட்டண விகிதத்தைக்கூட அந்தத் துறையிடம் பதிவு செய்துதான் வசூலிக்க முடியும். அதனால் கட்டணத்தில் இஷ்டத்துக்குப் பேரம் பேச முடியாது, ஆனால் அவர்கள் பதிவு செய்திருக்கிற சலுகை விகிதங்களில் எனக்குப் பொருந்துவது எது என்று கேட்கலாம், கேட்டால்தான் சொல்வார்கள். பெரிய பெயர் என்பதால் எல்லாம் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். காப்பீட்டை எழுதித் தருகிற பெரிய கம்பெனியும் உங்கள் ஊரில் எஸ்க்ரோ நடத்துகிற கம்பெனியும் சட்டப்படி தனித்தனி நிறுவனங்களாக இருக்கலாம், ஒன்றின் எஸ்க்ரோ நஷ்டத்துக்கு மற்றது பொறுப்பேற்கும் என்று கட்டாயமில்லை. அப்புறம், 2023 நவம்பரில் ஃபிடெலிட்டி நேஷனல் ஃபைனான்ஷியல், டிசம்பரில் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்று நாட்டின் மிகப் பெரிய இரண்டு டைட்டில் நிறுவனங்கள் அடுத்தடுத்து இணையத் தாக்குதலுக்கு ஆளாகித் தங்கள் கணினிகளை நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. முடிக்கும் தேதியை நம்பி அடுத்த வீட்டுக்குத் தேதி குறித்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது வகை, தனி எஸ்க்ரோ கம்பெனி. லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்சு கவுண்டி, சான் டியேகோ பக்கம் இவர்கள் அதிகம். மாநிலத்தின் நிதிப் பாதுகாப்புத் துறையான டிஎஃப்பிஐ இவர்களுக்கு உரிமம் தருகிறது, விதிகளும் கொஞ்சம் கறார்தான். தலைமை அலுவலகத்தில் குறைந்தது 5 ஆண்டு பொறுப்பான எஸ்க்ரோ அனுபவம் உள்ள ஒருவர் இருந்தே ஆக வேண்டும், ஆண்டுதோறும் வெளித் தணிக்கையாளர் கணக்கைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். அதைவிட முக்கியமானது, வீட்டு விற்பனை எஸ்க்ரோ செய்கிற இந்தக் கம்பெனிகள் எஸ்க்ரோ ஏஜெண்ட்ஸ் ஃபிடெலிட்டி கார்ப்பரேஷன் என்ற அமைப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது. கம்பெனியின் ஊழியரோ அதிகாரியோ நம் பணத்தைக் கையாடிவிட்டால் வரம்புக்கு உட்பட்டு ஈடு செய்வதற்கென்றே இருக்கிற அமைப்பு அது. வெளியாள் ஒருவன் மின்னஞ்சலில் ஏமாற்றிப் பணத்தை வேறு கணக்குக்குத் திருப்பினால் இது கை கொடுக்கும் என்று நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம், அது வேறு கதை, பின்னால் வருகிறேன். இவர்களுடைய கட்டணம் பெரும்பாலும் ஒரு அடிப்படைத் தொகையும் அதற்கு மேல் விலையில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்றும் இருக்கும், இங்கே பேரம் பேச இடம் உண்டு. குறை என்று பார்த்தால், டைட்டில் காப்பீடு தனியாக வேறு கம்பெனியிடமிருந்து வரும், இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் ஒரு காகிதம் மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பது என்று நாம் அலைய வேண்டியிருக்கும்.

மூன்றாவது வகையை நான் கடைசியில்தான் வைப்பேன்: ஏஜெண்டின் புரோக்கரேஜே, அதாவது அவர் வேலை செய்கிற ரியல் எஸ்டேட் நிறுவனமே, நடத்துகிற எஸ்க்ரோ. சட்டம் இதை அனுமதிக்கிறது. தான் ஏஜெண்டாக இருக்கிற விற்பனைக்கு மட்டும், புரோக்கர் தன் ரியல் எஸ்டேட் உரிமத்தின் கீழேயே எஸ்க்ரோ நடத்தலாம், டிஎஃப்பிஐ உரிமம் தேவையில்லை. கண்காணிப்பு ரியல் எஸ்டேட் துறையிடம் இருக்கிறது, முன்னால் சொன்ன ஃபிடெலிட்டி கார்ப்பரேஷன் பாதுகாப்பு இந்த வகைக்குக் கிடையாது. வேகம் இருக்கும், ஏஜெண்டும் எஸ்க்ரோ ஆபீசரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருப்பார்கள், எல்லாம் சுமுகமாகப் போகும்வரை நன்றாகவே இருக்கும். ஆனால் விற்பனை முடிந்தால்தான் புரோக்கருக்குக் கமிஷன். விற்பனை முடிவதா முறிவதா என்று தொங்குகிற நேரத்தில் பணத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அதில் எந்த ஆதாயமும் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் எஸ்க்ரோவே இருக்கிறது. அந்த வேலையை ஆதாயம் உள்ளவரிடமே கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். பெயரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, தனிக் கம்பெனி மாதிரியே பெயர் வைத்திருப்பார்கள். உங்கள் உரிமம் எந்தத் துறையிடம், புரோக்கரேஜுக்கு இதில் பங்கு உண்டா என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். 1974ஆம் ஆண்டின் ரெஸ்பா என்ற மத்தியச் சட்டப்படி, ஆள் பிடித்துத் தந்ததற்குக் கமிஷன் வாங்குவது குற்றம், பங்கு இருந்தால் அதை எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். அப்படி ஒரு தாள் உங்கள் கையெழுத்துக் கட்டில் இருந்தால் அதைப் படிக்காமல் புரட்டாதீர்கள்.

யார் கட்டணம் கட்டுகிறார் என்பதும் இங்கே வரும். இது சட்டமில்லை, அந்தந்தக் கவுண்டியின் வழக்கம். சான்டா கிளாரா கவுண்டியில் எஸ்க்ரோவும் டைட்டில் காப்பீடும் வழக்கமாக விற்பவர் தலையில், பக்கத்து அலமீடா கவுண்டியில் வாங்குபவர் தலையில். அதாவது மில்பிடாஸில் விற்கிறவர் கட்டுவதை, சில மைல் தள்ளி ஃப்ரீமான்ட்டில் விற்கிறவர் கட்டுவதில்லை. தெற்கே எஸ்க்ரோ கட்டணத்தைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்வார்கள். பணம் கட்டுகிறவர் சொல்வதுதான் பெரும்பாலும் எடுபடும், அதனால் ஃப்ரீமான்ட்டில் உங்களுக்குப் பிடித்த கம்பெனிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதற்குப் பலன் குறைவு. அதிலும் டைட்டில் காப்பீட்டை இந்தக் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும் என்று வாங்குபவரை விற்பவர் கட்டாயப்படுத்துவதை அதே ரெஸ்பா தடுக்கிறது, மீறினால் அந்தக் கட்டணத்தின் மூன்று மடங்குக்குப் பொறுப்பேற்க நேரிடும். (நியூயார்க்கில் விற்கிறவர்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது, அங்கே முன்பணம் விற்பவரின் வக்கீல் கணக்கில் இருக்கும். டெக்சாஸில் டைட்டில் கம்பெனிதான்.)

இப்போது சண்டை வருகிற கட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் யாரிடம் கொடுத்தோம் என்பது அப்போதுதான் தெரியும். வழக்கமான படிவத்தில் வீட்டைச் சோதிக்கவும், லோன் உறுதியாகவும் வாங்குபவருக்கு 17 நாள் அவகாசம், நீங்கள் குறைத்தும் பேசலாம். அந்த அவகாசத்துக்குள் விலகினால் முன்பணம் அவருக்கே. அந்த நிபந்தனைகளையெல்லாம் எழுத்தில் நீக்கிக் கையெழுத்துப் போட்ட பிறகு காரணமில்லாமல் விலகினால் உங்களுக்கு உரிமை வரும், ஆனால் ஒரு வரம்பு உண்டு: வாங்குபவர் தானே குடியிருக்க வாங்குகிற வீடு, ஒப்பந்தத்தில் அதற்கான பத்தியில் இரண்டு பேரும் தனியாகச் சுருக்கொப்பம் வைத்திருக்கிறீர்கள் என்றால், விலையில் 3 சதவீதம் வரைதான். 15 லட்சத்துக்கு 45,000 டாலர். உரிமை வந்துவிட்டது என்பதால் எஸ்க்ரோ பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாது. இரண்டு பேரும் கையெழுத்திட்ட விடுவிப்புத் தாள் வேண்டும், இல்லையென்றால் நடுவர் தீர்ப்போ கோர்ட் உத்தரவோ வேண்டும். இழுபறி நீண்டால் பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிட்டு எஸ்க்ரோ விலகிக்கொள்ளும். உண்மையான தகராறு எதுவும் இல்லாமல் வெறும் வீம்புக்காகக் கையெழுத்துப் போடாமல் இருந்தால், எழுத்தில் கேட்டு 30 நாள் கழித்து, சிவில் சட்டத்தின் 1057.3 பிரிவின்படி அபராதம் கேட்கலாம். அபராதம் 1,000 டாலருக்கு மேல் போகாது என்பதால் அதற்கு யாரும் பயப்பட மாட்டார்கள், அதே பிரிவில் எதிராளியின் வக்கீல் செலவையும் தர வேண்டும் என்று இருக்கிறது பாருங்கள், அதற்குத்தான் பயம். இந்தக் கட்டத்தில் உங்கள் ஏஜெண்டின் எஸ்க்ரோவில் பணம் இருந்தால், வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்பது நடுநிலை பற்றிய கேள்வியாகத்தான் இருக்கும். உங்களுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பணம் அதனால் இன்னும் தாமதமாகும்.

நம் ஆட்களுக்கு இன்னொரு விஷயம் இதையெல்லாம்விடப் பெரிது. இங்கே சில வருஷம் வேலை பார்த்து, வீடு வாங்கி, பிறகு சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ திரும்பிப் போய், வீட்டை வாடகைக்கு விட்டிருந்து இப்போது விற்கிறவர்கள் நிறையப் பேர். எச்-1பி வேலை விசாவில் இங்கேயே இருந்து வரி கட்டுகிறவர் வரிச் சட்டத்துக்குப் பெரும்பாலும் இங்கே குடியிருப்பவர்தான், அவருக்கு இந்தத் தொல்லை இல்லை, நான் வெளிநாட்டவர் இல்லை என்று ஒரு உறுதிமொழி கொடுத்தால் முடிந்தது. அந்தத் தாளில் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கும், அதை வாங்குபவர் கையில் கொடுக்காமல் எஸ்க்ரோவிடமே கொடுத்து வைக்க வழி இருக்கிறது, கேளுங்கள். திரும்பிப் போய்விட்டவர்கள் பெரும்பாலும் ஃபிர்ப்டா என்ற, வெளிநாட்டவர் இங்கே சொத்து விற்றால் வரி பிடிக்கச் சொல்கிற சட்டத்தின் கீழ் வருவார்கள். லாபத்தில் இல்லை, விற்ற விலையிலேயே 15 சதவீதத்தைப் பிடித்து மத்திய வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். 15 லட்சத்துக்கு 2,25,000 டாலர். (வாங்குபவர் குடியிருக்க வாங்கி, விலை 10 லட்சத்துக்குள் இருந்தால் 10 சதவீதம், 3 லட்சத்துக்குள் என்றால் பிடித்தமே இல்லை, ஆனால் பே ஏரியாவில் அந்த விலைக்கு எங்கே போவது.) இதற்கு மேல் கலிஃபோர்னியா தன் பங்குக்கு விலையில் மூன்றும் மூன்றில் ஒரு பங்கு சதவீதம் பிடிக்கும், அது 50,000 டாலர். சொந்தமாகக் குடியிருந்த வீடு என்று 593ஆம் படிவத்தில் உறுதி சொல்ல முடிந்தால் மாநிலப் பிடித்தம் இல்லை. அப்படி முடியாவிட்டால் விலைக்குப் பதில் லாபத்தின் மேல் கணக்கிடச் சொல்லலாம், லாபம் குறைவாக இருந்தால் அது நல்லது.

உங்கள் உண்மையான வரி அந்த 2,25,000க்கு மிகவும் கீழே என்றால், 8288-பி படிவத்தில் ஐஆர்எஸ்ஸிடம் குறைத்துப் பிடிக்க அனுமதி கேட்கலாம். விற்பனை முடிகிற தேதிக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். போயிருந்தால், பிடித்த பணத்தை உடனே அனுப்பத் தேவையில்லை, ஐஆர்எஸ் முடிவு சொல்லி 20ஆம் நாள்வரை எஸ்க்ரோவிலேயே வைத்திருக்கலாம். போகவில்லை என்றால் விற்ற 20 நாளில் பணம் ஐஆர்எஸ்ஸுக்குப் போய்விடும், அப்புறம் அடுத்த வருஷம் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்க வேண்டும். ஐஆர்எஸ் முடிவு சொல்ல மூன்று மாதம் ஆகும், அதற்கு மேலும் ஆகலாம். விற்பனை முடிந்த பிறகு அத்தனை மாதம் பணத்தை வைத்துக்கொள்ள எல்லா எஸ்க்ரோ அலுவலகமும் ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே திரும்பிப் போனவர்களுக்கு என் ஒப்பீட்டில் கட்டணம், பெயர், தூரம் எல்லாம் இரண்டாம் பட்சம். 8288-பி போட்ட பணத்தை இதற்கு முன் வைத்திருந்திருக்கிறீர்களா, எங்களுக்கும் வைப்பீர்களா என்று கேளுங்கள். தயங்கினால் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுங்கள், அது டைட்டில் கம்பெனியா தனிக் கம்பெனியா என்பதுகூட முக்கியமில்லை.

கையெழுத்தும் இப்படித்தான். கணவர் இங்கே, மனைவி சென்னையில், பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது என்றால், அண்ணா சாலையில் ஜெமினி பக்கம் இருக்கிற அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கி நோட்டரி செய்யலாம், ஒரு முத்திரைக்கு 50 டாலர். இங்கிருந்து ஓடுகிற காலக்கெடுவுக்கு அந்த அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்குமா என்பதுதான் பிரச்சினை. பவர் ஆஃப் அட்டர்னி என்றால் இந்த வீட்டுக்கென்றே எழுதியதாக இருக்க வேண்டும், எழுதுவதற்கு முன்பே டைட்டில் கம்பெனியின் ஒப்புதலை வாங்கிவிட வேண்டும், நம் ஊர் வக்கீல் எழுதித் தந்த பொது அதிகாரப் பத்திரத்தைக் கடைசி வாரம் நீட்டினால் நடக்காது. பெயர் விஷயமும் உண்டு. பத்திரத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, கிரீன் கார்டில் இரண்டும் இடம் மாறி என்று நம்மில் பலருக்கு மூன்று வடிவம் இருக்கிறது. ஒரே பெயருள்ள வேறொருவரின் கடன் உங்களுடையதில்லை என்று உறுதிப்படுத்த டைட்டில் கம்பெனி ஒரு தகவல் படிவம் கேட்கும், அதில் எல்லா வடிவத்தையும் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதே போல, எப்போதோ எடுத்து அடைத்துவிட்ட ஹோம் ஈக்விட்டி லைன் (வீட்டின் பேரில் வேண்டும்போது எடுக்கிற கடன்) பாக்கி பூஜ்யமாக இருந்தாலும் மூடப்படாமல் இருந்தால் ரிப்போர்ட்டில் நிற்கும். கூரையில் வாடகை சோலார் இருந்தால் அதுவும் வரும்.

மோசடி பற்றிச் சொல்கிறேன் என்றேன். வாங்குபவரிடம் பணத்தை வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்லிப் போலி மின்னஞ்சல் வருவது எல்லோருக்கும் தெரியும், விற்பவருக்கும் அதே ஆபத்து இருக்கிறது என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. உங்களுக்கு வர வேண்டிய பணத்தின் கணக்கு எண்ணை மாற்றச் சொல்லி உங்கள் பெயரில் எஸ்க்ரோவுக்கு ஒருவன் எழுதலாம். உரிமையாளர் வெளிநாட்டில், வீடு காலியாக என்று இருந்தால், உரிமையாளராகவே நடித்து விற்கப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ஒப்பிடும்போது கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: கணக்கு எண் மாற்றம் வந்தால் என்ன செய்வீர்கள்? முதலில் நீங்கள் கொடுத்து வைத்த தொலைபேசி எண்ணுக்கு நாங்களே அழைத்துச் சரிபார்ப்போம் என்று உடனே பதில் வர வேண்டும். மின்னஞ்சல் வந்தால் மாற்றிவிடுவோம் என்கிற தொனி தெரிந்தால் அங்கே கொடுக்காதீர்கள்.

என் தேர்வு என்ன என்றால், பே ஏரியாவில் டைட்டில் கம்பெனி, கம்பெனியின் பெயரைவிட அந்தக் குறிப்பிட்ட எஸ்க்ரோ ஆபீசரைப் பார்த்து, அவர் விடுமுறையில் போனால் ஃபைலை யார் பார்ப்பார் என்பதையும் கேட்டு. தெற்கே டிஎஃப்பிஐ உரிமம் உள்ள, எந்தப் புரோக்கரேஜுக்கும் பங்கில்லாத தனிக் கம்பெனி. ஏஜெண்டின் எஸ்க்ரோவில் சில நூறு டாலர் குறைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்பேன். விற்ற பிறகும் சில வாரம் அதே வீட்டில் வாடகைக்கு இருக்கப் போகிறீர்கள் என்றால், அந்த டெபாசிட்டை எஸ்க்ரோ வைத்திருக்குமா என்றும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பல அலுவலகங்கள் பதிவு முடிந்ததோடு கணக்கை மூடிவிடும்.

எஸ்க்ரோ அனுப்புகிற மதிப்பீட்டுத் தாள் வந்ததும் அதில் உள்ள தொகைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சொத்து கைமாறுவதற்கான கவுண்டி வரி ஆயிரத்துக்கு 1.10 டாலர், 15 லட்சத்துக்கு 1,650. சான் ஹோசே மாதிரி நகரங்களில் நகர வரி இதற்கு மேல், அங்கே அது ஆயிரத்துக்கு 3.30, வழக்கமாக இரண்டு பேரும் பாதிப் பாதி. சொத்து வரியில் நீங்கள் டிசம்பர் 10க்குள் கட்டிய தவணை ஜூலை முதல் டிசம்பர் வரைக்கானது, ஏப்ரல் 10க்குள் கட்டியது ஜனவரி முதல் ஜூன் வரைக்கானது. நடுவில் விற்றால் மிச்ச நாட்களுக்கான பணம் உங்கள் பக்கம் வரவாக இருக்க வேண்டும். கடைசியாக, மாதத் தவணையோடு வரிக்கும் காப்பீட்டுக்கும் உங்கள் பேங்க் பிடித்து வைத்திருந்த பணம் இந்தத் தாளில் வராது, அது வேறு கணக்கு. கடன் அடைபட்ட 20 வேலை நாளுக்குள் பேங்க் அதைத் தனியாகத் திருப்பித் தர வேண்டும், அது பெரும்பாலும் செக்காகத் தபாலில் வரும் என்பதால் புது முகவரியை எஸ்க்ரோவிடம் மட்டுமில்லாமல் பேங்கிடமும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.